பழைய எடை

பிப்ரவரி 6

வீடில்லாத என் வீட்டுக்காரருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. அதற்காகக் கொஞ்சம் அழுதேன். வேறு எதற்கும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் கையைக்கூட ஆட்டாமல் மரம் மாதிரி நின்றீர்களே, அதற்கும் இல்லை.

வீடு பெரியது. நாம் காலி செய்த வீட்டை இவர்களுடைய மாடிப்படிக்குக் கீழே வைத்துவிடலாம். வீட்டம்மா, ஐயா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஐயா கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டும் கம்பெனி நடத்துகிறார். சமையலும் வீட்டு வேலையும் எனக்கு. படுக்க இடம், சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் மெஷின் இருக்கிற அறை. மடக்குக் கட்டில். மெஷின் ஓடும்போது கட்டிலும் சேர்ந்து ஆடுகிறது. உங்களோடு ரயிலில் எங்கேயோ போவதாக நினைத்துக்கொள்கிறேன்.

வேலை நேரத்தில் ஃபோனைத் தொடக்கூடாது என்பது வீட்டம்மாவின் சட்டம். என் வேலை முடியும்போது நீங்கள் அடுப்பு முன்னால் நிற்பீர்கள். அதனால்தான் கடிதம். உங்கள் பேக்கரி வேன் இந்த வீட்டுக்கும் ரொட்டி போடுகிறது என்று இன்று காலையில்தான் தெரிந்தது. வேன் டிரைவர் அண்ணன் பின்வாசலில் என்னைப் பார்த்ததும், "அட, நம்ம மாஸ்டர் சம்சாரம்! தங்கச்சி, நீ இங்கயா?" என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். காலி டிரேயின் அடியில் இதை வைத்து அனுப்புகிறேன். பிரித்துப் படித்தால் தலையில் இடி விழும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

வாடகையை இரண்டாம் முறை ஏற்றியபோது நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மழைக்குள்ள அட்வான்ஸ் சேர்த்துடலாம். சின்னதா ஒரு ரூம் பிடிச்சுடலாம்." நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே படுத்திருக்கிறேன். மழைக்குள். மறந்துவிடாதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சட்டைக் காலரைத் தேய்த்துத் துவையுங்கள், மாவு ஒட்டிக் கிடக்கும்.

உங்கள்,
மெஷின் அறைக்காரி

பிப்ரவரி 12

பங்களாவில் வாழும் மகராசிக்கு,

கை ஆட்டவில்லை என்று குறை சொல்கிறாய். ஆட்டியிருந்தால் அழுதிருப்பேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்த்திருப்பார்கள். ஆம்பளைக்கும் மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

நம் மாளிகையைப் பற்றிக் கேள். ஒரே அறை, ஆறு பேர். இரண்டடுக்குக் கட்டில்களில் எனக்கு மேல் தட்டு. எழுந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும், அதனால் படுத்தபடியே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. எனக்குக் கீழே ஒரு எலக்ட்ரீஷியன். போன வாரம் புதிதாக ஒருவர் வந்தார். கணக்கு வாத்தியார். பெண்டாட்டி பிள்ளைகளை மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். "சம்பளம் நின்ன எடத்துலயே நிக்குது சார், மத்ததெல்லாம் ஓடுது" என்றார். என்னைப் போய் சார் என்கிறார். தினமும் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டுவார். அவர் வந்ததிலிருந்து நாங்களும் சட்டையை மடித்து வைக்கிறோம்.

பேக்கரியில் ஒரு கூத்து. முதலாளி ரொட்டி சுடும் அச்சுகளை எல்லாம் மாற்றிவிட்டார். மாவு ஏறிவிட்டது, எண்ணெய் ஏறிவிட்டது, கேஸைக் கேட்கவே வேண்டாம். ரொட்டி விலையை ஏற்றினால் ஜனங்கள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் விலை அதே விலை, ரொட்டி மட்டும் சின்னது. புது அச்சு ஒரு விரல் குறுகல். "யாருக்கும் தெரியாது மாஸ்டர்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மாவை வெட்டித் தராசில் போடுகிறவன் நான் அல்லவா? முதல் நாள் என் கை பழைய எடைக்கே வெட்டியது. ஒவ்வொரு உருண்டையிலும் கொஞ்சம் கிள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சாப்பிடுகிற பிள்ளை தட்டிலிருந்து எடுப்பது போல இருந்தது எனக்கு.

இப்போது ரகசியம். பழைய அச்சு ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்கு வருகிற ரொட்டி மட்டும் பழைய அச்சில், பழைய எடையில். காகிதப் பையில் வீட்டு எண்ணை நானே எழுதி நானே போடுகிறேன். இந்த ஊரிலேயே இளைக்காத ரொட்டி ஒன்றே ஒன்றுதான், அது உனக்கு. ஓரத்துண்டு பிடிக்கும் என்பாயே, அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்க விடுகிறேன். சாப்பிட்டுவிட்டு எழுது.

மேல் தட்டிலிருந்து,
உன் மாஸ்டர்

மார்ச் 3

என்னங்க,

ரொட்டி நன்றாக இருக்கிறது. வீட்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த ஊர்ல ஒரே ஒரு நாணயமான மனுஷன் இந்த பேக்கரிக்காரன்தான்" என்று ஐயாவிடம் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள்ளே சிரிப்பு. அந்த நாணயமான மனுஷன் யார் என்று எனக்குத்தானே தெரியும்.

இந்த வீட்டிலும் ஏதோ சரியில்லை. வந்தபோது தோட்டக்காரர் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. காருக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள், ஐயா பஸ்ஸில் போகிறார். நாலு அறையில் ஏசி இருக்கிறது, நாலு பேரும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கிறார்கள். வெளியே இருந்து யாராவது வந்தால் மட்டும் எல்லா விளக்கும் எரியும். கட்டுகிறவர்கள் கட்டடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம், கண்ணாடி கேட்பாரில்லை. வீட்டம்மா இதை யாரிடமும் சொல்வதில்லை. நானும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தோமே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு டீயை இருவரும் குடித்தோம். நீங்கள் பாதிக்கு மேல் எனக்கு விட்டுவிட்டு, "எனக்கு டீ புடிக்காமப் போச்சு" என்று சொன்ன பொய்யை நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் செருப்பையும் பார்த்தேன். பஸ் கட்டணம் ஏறியதிலிருந்து நடந்தேதான் வருகிறீர்கள், இல்லையா? இனிமேல் மாதம் ஒரு தடவை வந்தால் போதும். போதாது. ஆனாலும் போதும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பேச ஒன்றுமே வரவில்லை. பஸ் ஏறியபிறகு ஒரு மூட்டை பேச்சு வந்தது.

மெ. அ. காரி

மார்ச் 15

மகராசி,

ஒரு ரூம் பார்த்தேன். மாடியில், தகரக் கூரை, ஒற்றை ஜன்னல். அந்த ஜன்னலில் நீ தலை துவட்டுவதுபோல் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான், வேண்டாத கற்பனையெல்லாம் வந்துவிட்டது. புரோக்கர் சொன்ன தொகைக்குச் சரி என்று தலையாட்டிவிட்டுக் கீழே வந்தேன். நாலு நாள் கழித்துப் போனால், "அது போன வார ரேட்டுண்ணே" என்கிறான். காய்கறியா விற்கிறாய் என்று சண்டை போட்டேன். நாம் ஒரு படி ஏறினால் வாடகை இரண்டு படி ஏறி நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறது.

முதலாளி பாடும் திண்டாட்டம்தான். ஸ்கூட்டரை விற்றுவிட்டு சைக்கிளில் வருகிறார். கேட்டால் உடம்புக்கு நல்லதாம். முன்பெல்லாம் பின்பக்கத்து மாவு கோடவுனில் மூட்டை உத்தரம் வரை நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? நீ சாப்பாடு கொண்டுவந்தால் அந்த மூட்டை மேல்தானே உட்காருவாய். இப்போது வாரத்துக்கு வாரம் வேண்டியதை மட்டும் வாங்கி அடுப்பு அறை மூலையிலேயே போட்டுக்கொள்கிறோம். கோடவுன் காலி. உள்ளே போய்த் தும்மினால் நாலு தும்மல் திரும்பக் கேட்கிறது.

ஓரத்துண்டில் வெண்ணெய் தடவிக்கொள்கிறாயா, அல்லது டீயில் முக்கியா? இதை எழுதவே மாட்டேன் என்கிறாய். வேலை செய்யும்போது அதை நினைத்தால்தான் கை ஓடுகிறது.

இன்னொன்று. படுத்ததும் உன் ஐஸ் கால் இரண்டையும் என் மேல் வைப்பாயே. அப்போதெல்லாம் "அடிப் பாவி" என்று துள்ளுவேன். இப்போது யாரும் வைப்பதில்லை. வந்து வை.

மாஸ்டர்

ஏப்ரல் 2

உங்களுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். முழுதும் படியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரம்மாவும் உங்கள் பேக்கரி ரொட்டிதான் வாங்குகிறாள். நேற்று வீட்டம்மா பெருமையாக நம் ரொட்டியைக் காட்ட, அவள் தன் ரொட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பார்த்தால் பெரிய அண்ணனும் சின்னத் தம்பியும் மாதிரி இருக்கிறது. "கடைக்குப் போய்க் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நாளைக்கே முதலாளிக்குத் தெரிந்தால் உங்களை வைத்துக்கொள்வாரா? அந்தச் சம்பளமும் போனால் எங்கே ரூம், எங்கே நாம்? நாளையிலிருந்து சின்ன ரொட்டியே போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரொட்டியில் ஒரு துண்டுகூட நான் சாப்பிட்டதில்லை. வந்த முதல் வாரத்திலேயே வீட்டம்மா அலமாரிக்குப் பூட்டுப் போட்டாள். துண்டுகளை எண்ணித்தான் தட்டில் வைப்பாள். எனக்குக் கஞ்சி. வயிறு நிறையத்தான் தருகிறாள், பட்டினி இல்லை. ஆனால் ரொட்டி இல்லை. நான் வெட்டுகிறேன், வாசனை பிடிக்கிறேன், தட்டில் அடுக்குகிறேன். நன்றாக இருக்கிறது என்று எழுதினேனே, அது பொய் இல்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சொன்னால் தாங்க மாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லை.

ஏப்ரல் 4

சரி. நாளையிலிருந்து சின்ன ரொட்டி.

அப்படியானால் இத்தனை நாளும் யாருக்காகச் சுட்டேன்? கண்ணாடிக் கம்பெனிக்காரருக்கா?

மாஸ்டர்

ஏப்ரல் 21

என் கண்ணே,

நீ பதில் எழுதவில்லை. நானும் வீம்பாக இருந்துவிட்டேன். இன்று டிரைவர் வேனிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ரெண்டு வாரமா அந்தம்மா தங்கச்சியப் போட்டு வதைக்குது. 'பக்கத்து வீட்டுக்குத்தான சின்னது, நமக்கு எப்பவும் பெருசுதான? ரொட்டி இவ்ளோதான் வந்துச்சா? மிச்சம் எங்க? நீ வெட்டி ஒளிச்சு வச்சுக்கறியா?'ன்னு பின்வாசல்லயே வச்சுக் கேக்குது. இது ஒரு வார்த்த பேசணுமே! தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது."

ஒரு துண்டு தின்னாதவள் திருட்டுப் பட்டம் சுமந்துகொண்டு நிற்கிறாய், எனக்காக. நான் இங்கே மேல் தட்டில் முறைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எனக்கெல்லாம் ஒரு பெண்டாட்டி!

நேராக முதலாளியிடம் போனேன். பழைய அச்சை மேஜை மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அனுப்புவதென்றால் அனுப்புங்கள், ஆனால் அவள் எடுக்கவில்லை என்று அந்த அம்மாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். அச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய அப்பா காலத்து அச்சு அது.

"நான் எல்லாருக்கும் பண்ண வேண்டியத, நீ ஒரு வீட்டுக்குத் திருட்டுத்தனமா பண்ணியிருக்கே" என்றார். பிறகு பழைய அச்சையும் புது அச்சையும் ஒரு பையில் போட்டு வைத்துவிட்டு, "காலையில வேன்ல நானே போறேன்" என்றார். இந்தக் கடிதமும் அதே வேனில்தான் வருகிறது. என் வேலை இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியாது. நீ தலையை நிமிர்த்தினால் போதும்.

உன்னுடையவன்

ஏப்ரல் 24

என்னங்க,

நிமிர்த்திவிட்டேன். அழாமல் படியுங்கள்.

உங்கள் முதலாளி முன்வாசல் வழியாக வந்தார். சாப்பாட்டு மேஜையில் இரண்டு அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அம்மா, இதுல வந்த ரொட்டி இப்போ இதுல வருது. குறைச்சது நான். அவங்க தொடல. அவங்க வீட்டுக்காரர் ஆசையில பெருசா சுட்டு அனுப்பியிருக்கார். அந்தத் தப்பும் என் கடையோடது" என்றார். கைகட்டி நின்றபடிதான் சொன்னார். வீட்டம்மா எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் போனபிறகு சமையலறைக்கு வந்து, "ஒரு துண்டுக்காக உன்னக் கேட்டுட்டேனே. நான் இப்படி ஆயிட்டேனே" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. அலமாரியைத் திறந்து ரொட்டியை எடுத்து, ஓரத்துண்டை வெட்டி எனக்கு நீட்டினாள். தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள். அடுப்பு மேடையில் சாய்ந்தபடி இருவரும் சாப்பிட்டோம். ஆக, கடைசியில் நான் தின்றது உங்கள் சின்ன ரொட்டியைத்தான்! டீயில் முக்கித்தான் தின்றேன். கேட்டீர்களே, அதனால் சொல்கிறேன்.

ஆனால் வேலை இந்த மாதத்தோடு சரி. என்மேல் கோபம் இல்லையாம், சம்பளம் தர வழியில்லையாம். வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறார்கள். யாரிடமும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உங்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு வேறு போக்கிடம் இல்லை. ராத்திரி அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். வா என்றிருக்கிறான், அண்ணி வேலை பார்க்கிற தையல் கம்பெனியில் சேர்த்துவிடுவாளாம். போக ஒரு நாள் முழுக்கப் பஸ். அங்கிருந்து பூங்கா பெஞ்சுக்கு வர முடியாது. இந்த வேனும் அங்கே வராது. மூன்றாம் தேதி காலைப் பஸ்ஸுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மழைக்குள் என்றீர்கள். வானம் இப்போதே கறுக்கிறது. இந்த முறையாவது கையை ஆட்டுங்கள்.

உங்கள் மகராசி

ஏப்ரல் 28

அடியே,

பஸ்ஸுக்குப் போகாதே. இடத்தை வேண்டாம் என்று சொல். முதலில் அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படி.

முதலாளி என்னை அனுப்பவில்லை. சம்பளம் ஏற்றித் தரவும் முடியாது என்று கையை விரித்தார். பிறகு சாவி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "கோடவுன் சும்மா எதிரொலிச்சுக்கிட்டுத்தான் கெடக்கு. வாடகை வேணாம். மாவு வெல எறங்குனா மறுபடி மூட்டை எறக்குவேன், அன்னிக்குக் காலி பண்ணணும். சம்மதமா?" என்றார். சம்மதமாவா! தலையாட்டிய வேகத்தில் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

மூன்று நாளாகக் கழுவுகிறேன். எத்தனை வாளி ஊற்றினாலும் தண்ணீர் வெள்ளையாகத்தான் போகிறது. எலக்ட்ரீஷியன் ஒரு விளக்கு மாட்டிக் கொடுத்தான். வாத்தியார் ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடித்தார், இஸ்திரி போட்ட சட்டையோடு. இறங்கும்போது, "குடும்பத்தோட இருங்க சார்" என்றார், அவ்வளவுதான், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜன்னல் இல்லை, மேலே காற்று வர ஒரு ஓட்டை இருக்கிறது. ஆனால் இதைக் கேள். ஒரு பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் எங்கள் அடுப்பு. அந்தச் சுவர் எந்நேரமும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் உன் ஐஸ் கால் இரண்டையும் அதன்மேல் வைத்துக்கொள். வந்தபிறகு என்மேல் வை.

ஒரு பாவத்தை உன்னிடம் சொல்ல வேண்டும். நேற்று மில்லுக்குப் போனேன். வாசலில் மாவு விலை எழுதிய பலகை. ஊர் ஜனம் முழுக்க அதைப் பார்த்து இறங்காதா என்று ஏங்குகிறது. நானும் ஒரு வருஷமாக ஏங்கினவன்தான். நேற்று அது இறங்கவில்லை என்று பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா அரைக் கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் கெட்டவன் ஆகிவிட்டேனா?

வந்துவிடு.

மாஸ்டர்

ஏப்ரல் 30

என்னங்க,

பஸ்ஸை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன். வீட்டம்மா இந்த மடக்குக் கட்டிலை எடுத்துக்கொண்டு போ என்றாள். ஒருவர் படுக்கிற கட்டில்தான். பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கெட்டவர் இல்லை. பயந்தவர். பலகையைப் பார்க்கப் போகாதீர்கள், இனி நானும் அந்தப் பக்கம் போகமாட்டேன். விலை இறங்குகிறபோது இறங்கட்டும். மூட்டை வந்தால் வரட்டும். அந்தச் சுவரோரம் மட்டும் இரண்டு ஆள் படுக்க இடம் விட்டு அடுக்கச் சொல்லி முதலாளி காலில் நான் விழுகிறேன். எல்லார் வீட்டிலும் ரொட்டி பழையபடி பெரிதாகட்டுமே. நம் இடம் சின்னதாகும், அவ்வளவுதானே? இன்னும் ஒட்டிப் படுத்துக்கொள்கிறேன்.

நாளைக்குக் காலை டிரைவர் அண்ணன் வேனில் கட்டிலையும் பெட்டியையும் என்னையும் ஏற்றிக்கொள்கிறார். காலி டிரேக்களோடு வருவேன். இந்தக் கடிதம் இன்றே உங்களுக்கு வந்துவிடும். வாசலில் நில்லுங்கள். கை ஆட்ட வேண்டாம், கட்டிலைப் பிடித்து இறக்க வேண்டும்.